நெஞ்சு வலி வந்தால் ரெஃபரல் லெட்டர் தேவையா? வேலூர் - ஆம்பூர் பகுதி முன்னாள் ராணுவத்தினருக்கு இதய சிகிச்சை எப்படி நடக்கிறது? முழு விளக்கம்

ஒரு உதாரணம். ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் நைட் ஷிஃப்ட் செக்யூரிட்டி வேலை. வயது 58. ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து ஓய்வு பெற்றவர். அன்று லீவு, வீட்டில் இருக்கிறார். நள்ளிரவு 2 மணிக்கு நெஞ்சில் பாரம், இடது கையில் வலி, உடம்பெல்லாம் வியர்வை.

"என்னங்க, இப்படி வேர்த்துக் கொட்டுது, ஆஸ்பத்திரி போலாம்" என்கிறார் மனைவி. "ராத்திரி சாப்பிட்ட பிரியாணி. கேஸ்தான். காலையில பாலிகிளினிக் போய் லெட்டர் வாங்கிட்டு பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிக்கலாம்" என்கிறார் அவர்.

இந்தப் பதிலில் இரண்டு தவறுகள் இருக்கின்றன. ஒன்று, அது கேஸ் என்று நினைத்தது. இரண்டாவது, லெட்டர் இல்லாமல் போனால் செலவு தன் தலையில் விழும் என்று பயந்தது. இரண்டாவது தவறுதான் முன்னாள் ராணுவத்தினர் வீடுகளில் அதிகம் கேட்கும் சந்தேகம்: "லெட்டர் இல்லாம போனா பணம் கிடைக்குமா?"

கிடைக்கும். அது எப்படி, முன்னாள் ராணுவத்தினரின் இதயத்தை எந்த டாக்டர் பார்க்கிறார், அவர் எங்கே இருக்கிறார், குடும்பத்தினர் என்ன தெரிந்து வைத்திருக்க வேண்டும் என்பதை வரிசையாகப் பார்க்கலாம்.

வேலூர் பகுதியில் ஏன் இது முக்கியமான கேள்வி?

வேலூர் என்றதும் கோட்டையும் சிஎம்சி மருத்துவமனையும் ஞாபகத்துக்கு வரும். ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்றால் தோல் தொழிற்சாலைகளும் ஷூ கம்பெனிகளும். ஆனால் இந்தப் பகுதிக்கு இன்னொரு அடையாளமும் உண்டு. தமிழ்நாட்டில் இருந்து ராணுவத்துக்கு அதிகம் பேர் போகும் பகுதிகளில் இதுவும் ஒன்று.

வேலூர் அருகே உள்ள கம்மவான்பேட்டையை 'ராணுவப்பேட்டை' என்றே அழைக்கிறார்கள். வீட்டுக்கு ஒருவராவது படையில் இருப்பார் அல்லது இருந்திருப்பார் என்று அந்த ஊரைப் பற்றிச் சொல்வார்கள். சுற்றுவட்டாரத்தில் பல கிராமங்களிலும் 'மிலிட்டரிக்காரர் வீடு' என்று அடையாளம் சொல்லும் வழக்கம் உண்டு.

ராணுவத்தில் சிப்பாய், ஹவில்தார் நிலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் 40 வயதையொட்டி ஓய்வு பெற்றுவிடுகிறார்கள். அதன் பிறகும் வேலைக்குப் போகிறார்கள். தோல் ஷாப், ஷூ கம்பெனி, ஏடிஎம், ஆஸ்பத்திரி வாசல் என செக்யூரிட்டி வேலையில் இவர்களை நிறையப் பார்க்கலாம். சர்க்கரை, பிரஷர், இதயப் பிரச்சினை எல்லாம் வரும் 50, 60 வயதில் இவர்கள் ராணுவத்தில் இல்லை. ராணுவ மருத்துவமனையின் பக்கத்திலும் இல்லை.

2019-ல் பழைய வேலூர் மாவட்டம் வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று மூன்றாகப் பிரிந்தது. ஆம்பூரும் வாணியம்பாடியும் இப்போது திருப்பத்தூர் மாவட்டத்தில் இருக்கின்றன. ஆனால் பெரிய ஆஸ்பத்திரி என்றால் இப்பகுதி மக்கள் இன்றும் வேலூரைத்தான் நினைக்கிறார்கள். ஆம்பூரில் இருந்து வேலூர் சுமார் 50 கிலோமீட்டர். மாரடைப்பு வந்தவருக்கு இந்த 50 கிலோமீட்டர் சின்ன தூரம் அல்ல.

இசிஎச்எஸ் என்றால் என்ன?

முன்னாள் ராணுவத்தினருக்கான பங்களிப்பு சுகாதாரத் திட்டம்தான் இசிஎச்எஸ். ராணுவம், கடற்படை, விமானப்படை மூன்றிலும் இருந்து பென்ஷனோடு ஓய்வு பெற்றவர்களுக்கும் அவர்களைச் சார்ந்த குடும்பத்தினருக்கும் இது பொருந்தும். 2003 ஏப்ரல் 1-ம் தேதி நடைமுறைக்கு வந்தது. பாதுகாப்பு அமைச்சகத்தின் கீழ் உள்ள முன்னாள் படைவீரர் நலத்துறை இதைக் கவனிக்கிறது.

அதற்கு முன்பு ஓய்வு பெற்றவர்கள் ராணுவ மருத்துவமனைகளைத்தான் நம்பியிருந்தார்கள். அங்கே பணியில் இருப்பவர்களுக்கு முன்னுரிமை. வேலூர் போன்ற ஊரில் பெரிய ராணுவ மருத்துவமனையும் கிடையாது. அந்த இடைவெளியை நிரப்பத்தான் இந்தத் திட்டம் வந்தது.

இது இலவசத் திட்டம் அல்ல. ஓய்வு பெறும்போது ஒருமுறை சந்தா கட்ட வேண்டும். 2017 டிசம்பர் இறுதியில் திருத்தப்பட்ட கணக்குப்படி, ஹவில்தார் வரையிலான நிலையில் உள்ளவர்களுக்கு 30,000 ரூபாய், நாயப் சுபேதார் முதல் சுபேதார் மேஜர் வரை 67,000 ரூபாய், அதிகாரிகளுக்கு 1,20,000 ரூபாய். 1996 ஜனவரி 1-க்கு முன்பு ஓய்வு பெற்றவர்களும், போரில் உயிரிழந்தவர்களின் மனைவியரும் சந்தா கட்டத் தேவையில்லை.

ஒருமுறை கட்டிவிட்டால் வாழ்நாள் முழுக்க சிகிச்சை. இன்ஷூரன்ஸ் போல ஆண்டுதோறும் பிரீமியம் இல்லை, 'ஏற்கெனவே இருந்த நோய்' என்று ஒதுக்குவதும் இல்லை. 60 வயதில் பைபாஸ் செய்துகொண்ட ஒருவருக்கு இது எவ்வளவு பெரிய பாதுகாப்பு என்பது, தனியாக இன்ஷூரன்ஸ் எடுக்க முயன்றவர்களுக்குத் தெரியும்.

பாலிகிளினிக்கில் ஹார்ட் டாக்டர் இருக்கிறாரா?

இசிஎச்எஸ் திட்டத்தின் முதல் படி பாலிகிளினிக். நாடு முழுவதும் 400-க்கும் மேற்பட்ட பாலிகிளினிக்குகள் இருக்கின்றன. வேலூரிலும் உண்டு. இங்கே ஓபி பார்ப்பார்கள், மருந்து கொடுப்பார்கள், ரத்தப் பரிசோதனை, இசிஜி போன்ற அடிப்படைச் சோதனைகள் செய்வார்கள்.

ஆனால் இதய நிபுணர்? பாலிகிளினிக் பணியிடப் பட்டியலில் அப்படி ஒரு பணியிடம் இல்லை. மருத்துவ அதிகாரிகள், பல் டாக்டர் இருப்பார்கள். பெரிய பாலிகிளினிக் என்றால் பொது மருத்துவ நிபுணர், மகப்பேறு நிபுணர் போன்றவர்களும் இருப்பார்கள். எல்லோருமே ஒப்பந்த அடிப்படையில் வேலை பார்ப்பவர்கள். ராணுவ மருத்துவப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்ற டாக்டர்களும் இதில் உண்டு.

அதனால் பாலிகிளினிக் டாக்டரின் முக்கியமான வேலை, யாருக்கு இதய நிபுணர் தேவை என்று கண்டுபிடித்து அனுப்புவது. பிரஷர் மாத்திரை வாங்க வரிசையில் நிற்கும் 60 பேரில், "மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குது டாக்டர்" என்று போகிற போக்கில் சொல்பவரை அவர் பிடித்தாக வேண்டும். பிடித்துவிட்டால் இசிஜி எடுத்து, ஆன்லைனில் ரெஃபரல் போட்டு, பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்.

இந்த ரெஃபரலைத்தான் எல்லோரும் 'லெட்டர்' என்கிறார்கள். அதில் எந்த மருத்துவமனை என்று தேர்வு செய்யும் உரிமை நோயாளிக்கு உண்டு. திட்டத்தின் அங்கீகாரப் பட்டியலில் இருக்கும் மருத்துவமனையாக இருந்தால் போதும். குறிப்பிட்ட வயதைக் கடந்த மூத்தவர்கள் லெட்டர் இல்லாமலே அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையின் ஓபி-க்கு நேராகப் போகலாம்.

அப்படியானால் இதய நிபுணர் எங்கே இருக்கிறார்?

இரண்டு இடங்களில் இருக்கிறார்.

முதலாவது, ராணுவ மருத்துவமனைகள். முப்படைகளின் மருத்துவப் பிரிவில் சீருடை அணிந்த இதய நிபுணர்கள் இருக்கிறார்கள். எம்பிபிஎஸ் முடித்து, பொது மருத்துவத்தில் எம்டி, அதன் பிறகு இதயவியலில் டிஎம் என்று வெளியில் உள்ளவர்கள் படிக்கும் அதே படிப்புதான். புனேயில் இதய, நெஞ்சக சிகிச்சைக்கென்றே ராணுவத்துக்குத் தனி மருத்துவமனை இருக்கிறது. டெல்லியில் ராணுவ ஆராய்ச்சி - பரிந்துரை மருத்துவமனை இருக்கிறது. தெற்கே பெங்களூருவில் விமானப்படையின் கமாண்ட் மருத்துவமனை இருக்கிறது.

இந்த டாக்டருக்கு இரண்டு வகை நோயாளிகள். ஒருவர் 28 வயது சிப்பாய். மலை உச்சியில் டியூட்டி பார்க்க இவரது இதயம் தகுதியானதா என்று சான்று தர வேண்டும். இன்னொருவர் 72 வயது முன்னாள் சுபேதார். மூன்று ரத்தக் குழாய்களில் அடைப்பு. டாக்டர் கைநிறைய நோயாளிகளைக் காப்பாற்றினாலும் அவர் ஒரு ராணுவ அதிகாரி. சில ஆண்டுகளில் டிரான்ஸ்ஃபர் வரும். அடுத்த முறை போகும்போது வேறு டாக்டர் இருப்பார்.

ஆம்பூர்க்காரருக்கு இதில் இன்னொரு சிக்கல், தூரம். பெங்களூரு போய் வர ஒரு நாள் ஆகும். செக்யூரிட்டி வேலையில் ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் சம்பளம் போனது போலத்தான்.

இரண்டாவது இடம், இசிஎச்எஸ் அங்கீகரித்த தனியார் மருத்துவமனைகள். நடைமுறையில் இந்தப் பகுதி முன்னாள் ராணுவத்தினரில் பெரும்பாலானோருக்கு ஆஞ்சியோகிராம் செய்வதும், ஸ்டென்ட் வைப்பதும் இங்கே இருக்கும் இதய நிபுணர்தான். இவர் அரசு ஊழியர் அல்ல. ஆனால் இசிஎச்எஸ் நோயாளியைப் பார்க்கும்போது அரசின் விதிகளுக்குள் வேலை செய்ய வேண்டும்.

அந்த விதிகள் என்ன?

மத்திய அரசு ஊழியர்களுக்கான சிஜிஎச்எஸ் திட்டத்தின் கட்டணப் பட்டியல்தான் இங்கேயும் அடிப்படை. ஆஞ்சியோகிராமுக்கு இவ்வளவு, ஆஞ்சியோபிளாஸ்டிக்கு இவ்வளவு, பைபாஸுக்கு இவ்வளவு என்று பேக்கேஜ் இருக்கிறது. மருத்துவமனை அதற்கு மேல் நோயாளியிடம் வாங்கக் கூடாது. பட்டியலில் இல்லாத சிகிச்சை, ஐசிடி போன்ற விலை உயர்ந்த கருவிகள் என்றால் முன் அனுமதி வாங்க வேண்டும். வார்டும் பதவியைப் பொறுத்தது: ஹவில்தார் வரை பொது வார்டு, ஜேசிஓ நிலைக்கு செமி பிரைவேட், அதிகாரிகளுக்குத் தனி அறை. ஆனால் ஸ்டென்ட்டிலோ சிகிச்சையிலோ பதவி வித்தியாசம் கிடையாது.

நோயாளி கையெழுத்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார். பில் ஆன்லைனில் போகும். அதைச் சரிபார்த்து, கழித்துக் கட்டி, பணம் வர நாளாகும். நிலுவை சேர்ந்துகொண்டே போனால் மருத்துவமனைகள் பின்வாங்குகின்றன. 'இசிஎச்எஸ் கார்டு இப்போ எடுக்குறது இல்ல' என்று கவுன்டரில் சொல்லும் பதிலுக்குப் பின்னால் பல நேரங்களில் இதுதான் காரணம். மத்திய தணிக்கைத் துறையான சிஏஜி, 2015-ல் இந்தத் திட்டத்தைப் பற்றித் தனி அறிக்கையே வெளியிட்டது. மருந்துத் தட்டுப்பாடு, பில் நடைமுறைக் குறைகள் எல்லாம் அப்போதே சுட்டிக்காட்டப்பட்டன.

அமெரிக்காவில் எப்படி?

முன்னாள் ராணுவத்தினருக்கென்றே அரசு மருத்துவமனைகள் நடத்தும் நாடு அமெரிக்கா. அங்கே சுமார் 170 மருத்துவ மையங்கள் இருக்கின்றன. 90 லட்சத்துக்கும் மேற்பட்ட முன்னாள் ராணுவத்தினர் பதிவு செய்திருக்கிறார்கள். அங்கே வேலை பார்க்கும் இதய நிபுணர் மத்திய அரசின் சம்பளம் வாங்குபவர். எத்தனை ஸ்டென்ட் வைத்தார் என்பதைப் பொறுத்து அவருக்கு வருமானம் மாறாது.

இந்த மருத்துவமனைகள் இதய மருத்துவத்தையே மாற்றியிருக்கின்றன. உடலுக்குள் பொருத்தும் பேஸ்மேக்கரை 1960-ல் வெற்றிகரமாகப் பொருத்திய டாக்டர் வில்லியம் சார்டாக், பஃபலோ நகரில் இருந்த முன்னாள் ராணுவத்தினர் மருத்துவமனையின் டாக்டர். உயர் ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை கொடுத்தால் பக்கவாதம் போன்ற ஆபத்துகள் குறைகின்றன என்று முறையாக நிரூபித்ததும் டாக்டர் எட்வர்ட் ஃப்ரைஸ் தலைமையில் இந்த மருத்துவமனைகளில் நடந்த ஆய்வுதான். அதன் முடிவுகள் 1967-லும் 1970-லும் வந்தன. இன்று வேலூர் பாலிகிளினிக் வரிசையில் ஒருவர் வாங்கும் பிரஷர் மாத்திரைக்குப் பின்னால் அந்த ஆய்வும் இருக்கிறது.

இன்னொரு வசதி, ஒரே கோப்பு. ஒரு ஊரில் எடுத்த இசிஜி, எக்கோ, மருந்துச் சீட்டு எல்லாமே கம்ப்யூட்டரில் இருக்கும். வேறு ஊர் டாக்டரும் பார்க்கலாம்.

அங்கேயும் எல்லாம் சரி என்று சொல்ல முடியாது. 2014-ல் ஃபீனிக்ஸ் நகர மருத்துவமனையில் நோயாளிகள் மாதக்கணக்கில் காத்திருந்ததும், காத்திருப்புப் பட்டியல் மறைக்கப்பட்டதும் பெரிய விவகாரமாக வெடித்தது. அதன் பிறகு 2018-ல் வந்த சட்டத்தின்படி, நிபுணரைப் பார்க்க சராசரியாக ஒரு மணி நேரத்துக்கு மேல் வண்டி ஓட்ட வேண்டியிருந்தால் தனியார் டாக்டரிடம் போகலாம், செலவை அரசு ஏற்கும்.

அதாவது அமெரிக்கா சொந்த மருத்துவமனைகளில் தொடங்கித் தனியார் பக்கமும் கதவைத் திறந்தது. இந்தியா 2003-லேயே தனியார் மருத்துவமனைகளையும் சேர்த்துக்கொண்டது. இதனால் தூரம் குறைந்தது. ஆனால் பாலிகிளினிக், ராணுவ மருத்துவமனை, தனியார் மருத்துவமனை என்று மூன்று இடங்களில் மூன்று டாக்டர்கள் பார்க்கும்போது, முழுக் கதையும் தெரிந்த டாக்டர் என்று ஒருவர் இல்லாமல் போகிறார். முழுக் கதையும் இருப்பது நோயாளி கையில் இருக்கும் ஃபைலில்தான்.

அவசரத்துக்கு லெட்டர் வேண்டுமா?

வேண்டாம்.

அவசர நிலையில் ரெஃபரல் இல்லாமல் அருகில் இருக்கும் எந்த மருத்துவமனைக்கும் போகலாம் என்பதே இசிஎச்எஸ் விதி. எது அவசரம் என்ற பட்டியலில் மாரடைப்பு, திடீரென அதிகரிக்கும் நெஞ்சு வலி, ஆபத்தான இதயத் துடிப்புக் கோளாறு, முழு இதய அடைப்பு, கடுமையான இதய செயலிழப்பு எல்லாம் இருக்கின்றன.

போன மருத்துவமனை அங்கீகாரப் பட்டியலில் இருந்தால், அட்வான்ஸ் கேட்காமல் சேர்க்க வேண்டும். தகவல் தெரிவிப்பது அவர்கள் வேலை. கார்டைக் காட்டினால் போதும்.

பட்டியலில் இல்லாத மருத்துவமனை என்றால், முதலில் குடும்பத்தினர் பணம் கட்ட வேண்டியிருக்கும். 48 மணி நேரத்துக்குள் பாலிகிளினிக்குக்குத் தகவல் சொல்லிவிட வேண்டும். பிறகு அவசரச் சான்று, டிஸ்சார்ஜ் சம்மரி, ஒரிஜினல் பில்கள் எல்லாவற்றையும் கொடுத்தால், அரசு கட்டண விகிதப்படி பணம் திரும்பக் கிடைக்கும். கட்டிய முழுத் தொகையும் வரும் என்று சொல்ல முடியாது. ஆனால் 'லெட்டர் இல்லை, அதனால் ஒரு ரூபாயும் கிடையாது' என்பது தவறான தகவல்.

இதில் உச்ச நீதிமன்றமும் பேசியிருக்கிறது. அவசர நிலையில் வருபவருக்கு சிகிச்சை தருவது எந்த டாக்டருக்கும் கடமை என்று 1989-ல் பர்மானந்த் கட்டாரா வழக்கில் தீர்ப்பு வந்தது. 2018 ஏப்ரலில் வந்த சிவகாந்த் ஜா வழக்கு நேரடியாக இதயம் சம்பந்தப்பட்டது. ஓய்வு பெற்ற மத்திய அரசு அதிகாரி ஒருவர், பட்டியலில் இல்லாத மருத்துவமனையில் இதயக் கருவி பொருத்திக்கொண்டார். பணத்தைத் திருப்பித் தர மறுத்தார்கள். மருத்துவமனையின் பெயர் பட்டியலில் இல்லை என்ற ஒரே காரணத்துக்காக மறுக்க முடியாது. சிகிச்சை உண்மையில் நடந்ததா, அவசியமானதா என்றுதான் பார்க்க வேண்டும் என்றது நீதிமன்றம். அது சிஜிஎச்எஸ் வழக்கு. இசிஎச்எஸ்-ம் அதே கட்டண முறையைப் பின்பற்றுவதால், முன்னாள் ராணுவத்தினரும் தங்கள் மனுக்களில் இதைச் சுட்டிக்காட்டலாம்.

ஒரு மணி நேரத்தில் என்ன மாறும்?

மாரடைப்பு என்பது இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாயில் கட்டி அடைத்துக்கொள்வது. அடைப்பு நீங்கும் வரை, அந்தக் குழாயை நம்பியிருக்கும் இதயத் தசை கொஞ்சம் கொஞ்சமாகச் செத்துக்கொண்டே இருக்கும். போன தசை திரும்பி வராது.

நோயாளி வந்து 10 நிமிடத்துக்குள் இசிஜி எடுக்க வேண்டும் என்பது உலகம் முழுக்க டாக்டர்கள் வைத்திருக்கும் இலக்கு. கேத் லேப் இருக்கும் மருத்துவமனை என்றால் 90 நிமிடத்துக்குள் அடைப்பை பலூன் வைத்துத் திறக்க வேண்டும். அந்த வசதி பக்கத்தில் இல்லை என்றால், ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசியை உடனே போட்டுவிட்டு, பிறகு பெரிய மருத்துவமனைக்கு மாற்றலாம்.

இந்த இரண்டாவது வழி ஆம்பூர், வாணியம்பாடி போன்ற ஊர்களுக்கு ரொம்ப முக்கியம். தமிழ்நாட்டிலேயே இது சோதித்துப் பார்க்கப்பட்டது. சின்ன மருத்துவமனைகளையும் பெரிய மருத்துவமனைகளையும் ஆம்புலன்ஸையும் ஒரே வலைப்பின்னலாக இணைத்து நடத்திய ஆய்வில் 2,420 மாரடைப்பு நோயாளிகள் இருந்தார்கள். 2017-ல் வெளியான முடிவின்படி, ஓராண்டுக்குள் இறப்பவர்களின் விகிதம் 17.6 சதவீதத்தில் இருந்து 14.2 சதவீதமாகக் குறைந்தது. நூறு பேரில் மூன்று பேருக்கு மேல் கூடுதலாக உயிர் பிழைத்தார்கள் என்று அர்த்தம்.

2023 ஜூனில் தமிழ்நாடு அரசு 'இதயம் காப்போம்' திட்டத்தைத் தொடங்கியது. இதன்படி ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் துணை சுகாதார நிலையங்களிலும் மாரடைப்புக்கான முதல் டோஸ் மருந்து தயாராக இருக்கும். ஆஸ்பிரின் 2, குளோபிடோக்ரெல் 4, அட்டோர்வாஸ்டாட்டின் 8 என மொத்தம் 14 மாத்திரைகள். இதைக் கொடுத்துவிட்டுப் பெரிய மருத்துவமனைக்கு அனுப்புவார்கள். இது எல்லோருக்கும் பொதுவானது. மிலிட்டரி கார்டு, லெட்டர் எதுவும் கேட்க மாட்டார்கள்.

ஆகவே அந்த ஆம்பூர் வீட்டில் நள்ளிரவு 2 மணிக்கு செய்ய வேண்டியது இதுதான். 108-க்கு போன் செய்வது. அவரை நடக்க விடாமல் உட்கார வைப்பது. பைக்கில் ஏற்றாமல் இருப்பது, அவரே வண்டி ஓட்ட விடாமல் இருப்பது. சோடா, இஞ்சிச் சாறு என்று நேரத்தைக் கடத்தாமல் இருப்பது. இசிஜி எடுக்க முடியும் என்ற பக்கத்து மருத்துவமனைக்கு முதலில் போவது. 'வேலூர் போனால்தான் சரி' என்று நேராக 50 கிலோமீட்டர் ஓடுவதைவிட, எங்கே போக வேண்டும் என்பதை ஆம்புலன்ஸ் ஊழியரிடம் விட்டுவிடுவது நல்லது.

சர்க்கரை நோயாளிகளுக்கும் பெண்களுக்கும் நெஞ்சு வலி இல்லாமலேயே மாரடைப்பு வரலாம். மூச்சுத் திணறல், திடீர் வியர்வை, தாடை வலி, மேல் வயிற்றில் எரிச்சல், காரணமில்லாத அசதி போன்றவையும் அறிகுறிகள்தான். முன்னாள் ராணுவத்தினரின் மனைவியும் இதே கார்டில்தான் இருக்கிறார். அவருக்கு வரும் வலியையும் 'கேஸ்' என்று ஒதுக்கக் கூடாது.

ஸ்டென்ட் வைத்த பிறகுதான் இன்னொரு ஆபத்து

ஆஞ்சியோபிளாஸ்டி முடிந்து வீட்டுக்கு வந்ததும் பலர் நிம்மதியாகிவிடுகிறார்கள். ஆனால் ஸ்டென்ட்டில் மறுபடி ரத்தம் உறையாமல் இருக்க இரண்டு மாத்திரைகளைத் தொடர்ந்து சாப்பிட வேண்டும். மாரடைப்புக்குப் பிறகு பொதுவாக ஓராண்டு வரை இதைச் சொல்வார்கள். எப்போது நிறுத்தலாம் என்பதை இதய நிபுணர்தான் முடிவு செய்ய வேண்டும்.

இங்கேதான் சங்கிலி அறுகிறது. மாத்திரையை எழுதுவது தனியார் மருத்துவமனை டாக்டர். கொடுப்பது பாலிகிளினிக். அங்கே அந்த மருந்து அன்று ஸ்டாக் இல்லை என்றால், "அடுத்த வாரம் வாங்க ஐயா" என்று பதில் வரலாம். அந்த ஒரு வாரம் மாத்திரை இல்லாமல் இருந்தால் ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளும் ஆபத்து இருக்கிறது.

இதற்கும் வழி உண்டு. ஸ்டாக் இல்லாத மருந்தை, பாலிகிளினிக்குடன் ஒப்பந்தம் செய்துள்ள உள்ளூர் மருந்துக் கடை மூலம் தரும் ஏற்பாடு இருக்கிறது. அதைக் கேட்டு வாங்க வேண்டும். அதுவும் தாமதமானால், சொந்தக் காசில் வாங்கியாவது அந்த இரண்டு மாத்திரைகளைச் சாப்பிட்டுவிட வேண்டும். மாத்திரை தீருவதற்கு ஒரு வாரம் முன்பே பாலிகிளினிக் போவது இன்னும் நல்லது. வேறு கம்பெனி மாத்திரை கொடுத்தால், உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் அதேதானா என்று டாக்டரிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளலாம்.

குடும்பத்தில் யாருக்கெல்லாம் கிடைக்கும்?

கணவன் அல்லது மனைவி, சார்ந்திருக்கும் பிள்ளைகள், சார்ந்திருக்கும் பெற்றோர் ஆகியோருக்கு. மகனுக்கு 25 வயது வரை, அல்லது வேலைக்குப் போகும் வரை, அல்லது திருமணம் வரை; இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை. மகளுக்கு வேலை அல்லது திருமணம் வரை. பெற்றோருக்கு மாத வருமானம் 9,000 ரூபாயும் அதற்கான அகவிலைப்படியும் சேர்ந்த தொகைக்குள் இருக்க வேண்டும்.

தோல் தொழில் பகுதியில் பிள்ளைகள் சீக்கிரமே ஷூ கம்பெனி வேலைக்குப் போவது சாதாரணம். அப்படிப் போனதும் அப்பாவின் கார்டில் இருந்து வெளியே வருவார்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை என்றால் அவர்களுக்கு இஎஸ்ஐ பாதுகாப்பு உண்டு. கம்பெனியில் இஎஸ்ஐ பிடிக்கிறார்களா, கார்டு கைக்கு வந்ததா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டு கார்டும் இல்லாத நிலையில் ஒருவர் நிற்கக் கூடாது.

அக்னிவீரர்களுக்கு?

2022 ஜூனில் அறிவிக்கப்பட்ட அக்னிபத் திட்டத்தில் சேர்ந்து, நான்கு ஆண்டுகள் முடித்து வெளியே வருபவர்களுக்கு பென்ஷன் இல்லை, முன்னாள் ராணுவத்தினர் என்ற தகுதியும் இல்லை. அதனால் இசிஎச்எஸ்-ம் கிடையாது. கம்மவான்பேட்டை போன்ற ஊர்களில் தாத்தாவுக்கும் அப்பாவுக்கும் இருக்கும் கார்டு பேரனுக்கு இருக்காது. இப்போது சேரும் இளைஞர்களின் வீட்டில் இதைத் தெரிந்துகொண்டு, வெளியே வந்த பிறகான மருத்துவக் காப்பீட்டைத் தனியாகத் திட்டமிட வேண்டும்.

வீட்டில் இன்றே செய்து வைக்க வேண்டியவை

ஒரு பிளாஸ்டிக் ஃபைல். அதில் இசிஎச்எஸ் கார்டின் நகல், பழைய இசிஜி, கடைசி எக்கோ ரிப்போர்ட், ஆஞ்சியோகிராம் ரிப்போர்ட், டிஸ்சார்ஜ் சம்மரி, இப்போது சாப்பிடும் மாத்திரைகளின் பட்டியல். பழைய இசிஜி இருந்தால், புதிதாக ஏற்பட்ட மாற்றம் எது என்று டாக்டர் ஒரே பார்வையில் சொல்லிவிடுவார்.

இதையெல்லாம் செல்போனில் போட்டோ எடுத்து மனைவி, பிள்ளைகள் போனிலும் வைத்திருங்கள். ஒரிஜினல் கார்டு பீரோவில் பூட்டிக் கிடக்காமல் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

பாலிகிளினிக் போன் நம்பரை வீட்டில் உள்ள எல்லோர் போனிலும் சேமித்து வையுங்கள். 48 மணி நேரக் கணக்கு அவசரத்தில் மறந்துபோகும்.

அருகில் அங்கீகாரப் பட்டியலில் உள்ள மருத்துவமனைகள் எவை என்பதை சில மாதங்களுக்கு ஒருமுறை பாலிகிளினிக்கில் கேட்டுக்கொள்ளுங்கள். பட்டியல் மாறிக்கொண்டே இருக்கும். போன வருடம் இருந்தது இந்த வருடம் இல்லாமல் போகலாம்.

மிக முக்கியமாக, வீட்டில் உள்ள எல்லோரிடமும் ஒரு விஷயத்தைச் சொல்லி வையுங்கள். லெட்டர் வாங்குவது, திட்டமிட்டுப் போகும் சிகிச்சைக்கு. நெஞ்சு வலிக்கு அல்ல. வலி வந்தால் முதலில் ஆஸ்பத்திரி. கார்டும் ஃபைலும் கூடவே வரட்டும். மீதிப் பேப்பரை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம்.